கோயிலைக் கட்டியது யார், சாவி யாரிடம்? அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயர்கள்

1789-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வைட் மார்ஷ் என்ற தோட்டத்தில் கத்தோலிக்கக் குருமார்கள் கூடினார்கள். புகையிலை விளைந்த அந்தத் தோட்டம் முன்னாள் இயேசு சபைக் குருமார்களின் சொத்து. அங்கே உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். அன்று நடந்தது ஒரு தேர்தல். புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு முதல் ஆயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ரோம் அந்த ஒரு முறை மட்டும் குருமார்களுக்கே விட்டிருந்தது. கிட்டத்தட்ட எல்லா வாக்குகளும் ஜான் கரோல் என்ற 54 வயதுக் குருவுக்கு விழுந்தன. அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி போப்பாண்டவர் ஆறாம் பயஸ் பால்டிமோர் மறைமாவட்டத்தை அமைத்து, கரோலை அதன் ஆயராக அறிவித்தார்.

வாக்குப் போட்டு ஆயரைத் தேர்ந்தெடுத்த திருச்சபை, அடுத்த ஐம்பது ஆண்டுகளை இன்னொரு வழக்கில் செலவிட்டது. கோயில் யாருக்குச் சொந்தம்? காசு போட்டுக் கட்டிய மக்களுக்கா, ஆயருக்கா? பாதிரியாரை வைப்பதும் அனுப்புவதும் யார் கையில்? அமெரிக்கக் கத்தோலிக்கத்தின் தொடக்க வரலாற்றைப் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

பூட்டுப் போட்ட செங்கல் கோயில்

கரோலுக்கு முன்பே இன்றைய அமெரிக்க மண்ணில் ஆயர் இருந்தார். கரீபியன் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோவுக்கு 1511-இலேயே மறைமாவட்டம் அமைந்து, அலோன்சோ மான்சோ அதன் முதல் ஆயரானார். 1565-இல் ஸ்பானியர்கள் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை அமைத்தபோது திருப்பலியும் உடன் வந்தது. கலிஃபோர்னியாவில் 1769 முதல் பிரான்சிஸ்கன் சபையினர் வரிசையாக மிஷன்களைக் கட்டினார்கள். ஆனால் இவை ஸ்பானிய அரசின் நிழலில் வளர்ந்தவை. கரோலின் கதை நடப்பது ஆங்கிலேயர் ஆண்ட கிழக்குக் கரையில். அங்கே கத்தோலிக்கர்கள் ஆளும் கூட்டமல்ல, சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட சிறுபான்மை.

மேரிலாந்தை அமைத்த கால்வர்ட் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். 1634 மார்ச் 25-ஆம் தேதி, ‘ஆர்க்’, ‘டவ்’ என்ற இரண்டு கப்பல்களில் வந்தவர்களுக்கு ஆண்ட்ரூ வைட் என்ற இயேசு சபைக் குரு செயின்ட் கிளமென்ட்ஸ் தீவில் திருப்பலி நிறைவேற்றினார். 1649-இல் கிறிஸ்தவப் பிரிவினர் ஒருவரையொருவர் துன்புறுத்தக் கூடாது என்று அங்கே சட்டமும் வந்தது. அந்த நாளில் அது அரிதான சட்டம். நீடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஆட்சி மாறியதும் மேரிலாந்திலும் மாறியது. 1704-இல் ஆளுநர் ஜான் சீமோர் உத்தரவுப்படி செயின்ட் மேரிஸ் சிட்டியில் இருந்த செங்கல் தேவாலயத்துக்கு ஷெரிஃப் பூட்டுப் போட்டார். பிறகு அந்தக் கட்டடமே பிரித்து எடுக்கப்பட்டது.

பொது இடத்தில் திருப்பலி கூடாது. ஆனால் தனியார் வீட்டில் செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். அதனால் மேரிலாந்தில் கோயில் என்பது வீட்டோடு ஒட்டிய ஓர் அறையாகச் சுருங்கியது. வசதியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தின் தோட்ட வீட்டிலோ, இயேசு சபையின் தோட்ட வீட்டிலோதான் மக்கள் கூடினார்கள்.

பக்கத்து பென்சில்வேனியாவில் நிலைமை வேறு. க்வேக்கர் சமயத்தைச் சேர்ந்த வில்லியம் பென் கொடுத்த உரிமைச் சாசனம் அங்கே நடைமுறையில் இருந்தது. அதன் பலத்தில் 1733-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் கிரீட்டன் என்ற குரு செயின்ட் ஜோசப் ஆலயத்தைத் தொடங்கினார். ஒரு சந்துக்குள் ஒதுங்கியிருக்கும் அந்த ஆலயம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 1763-இல் அதன் அருகிலேயே செயின்ட் மேரி ஆலயம் எழுந்தது. பின்னாளில் இந்த ஆலயத்தில் நடந்த சண்டை ஆயர்கள் பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதைக் கீழே காணலாம்.

ஆயரே வராத நாடு

முதல் கப்பல் வந்ததிலிருந்து கரோல் வரை 150 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குடியேற்றங்களில் ஒரு கத்தோலிக்க ஆயர் கூட இல்லை. பெயருக்கு லண்டனில் இருந்த ஆயரின் பொறுப்பில் இருந்தார்கள். அவர் கடல் தாண்டி வந்ததில்லை. உறுதிபூசுதல் கொடுக்க ஆள் இல்லை. உள்ளூர்ப் பையன் ஒருவன் குருவாக விரும்பினால் ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டும்.

கரோலும் அப்படித்தான் போனார். 1735 ஜனவரி 8-ஆம் தேதி மேரிலாந்தின் அப்பர் மார்ல்பரோவில் பிறந்தவர். கத்தோலிக்கப் பள்ளி நடத்தக் கூடாது என்பதால் பிரான்சின் செயின்ட் ஓமர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1753-இல் இயேசு சபையில் சேர்ந்தார். இருபது ஆண்டு கழித்து, 1773-இல், போப்பாண்டவர் 14-ஆம் கிளமென்ட் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். வீரமாமுனிவர் இருந்த அதே சபைதான். அந்த உத்தரவால்தான் தமிழகத்தில் அவர்கள் வளர்த்த மிஷன்கள் பாரிஸ் மறைபரப்புக் கழகத்தார் கைக்குப் போயின. பின்னாளில் மலாயாவில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பங்குகளை அமைத்தவர்களும் இந்தப் பாரிஸ் குருமார்களே. ஓர் உத்தரவின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்காக இங்கே இது.

சபையை இழந்த கரோல் 1774-இல் தாய்நாடு திரும்பினார். விடுதலைப் போர் நெருங்கிய நேரம். 1776-இல் கனடாவின் ஆதரவைக் கேட்டுப் போன குழுவில் பெஞ்சமின் ஃபிராங்ளினோடு இவரும் இருந்தார். போன காரியம் நடக்கவில்லை. நோயோடு திரும்பிய முதியவர் ஃபிராங்ளினை வழியில் கவனித்துக்கொண்டவர் கரோல். அந்தப் பழக்கம் பிறகு பயன்பட்டது. போர் முடிந்ததும் அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கு யாரைத் தலைவராக வைப்பது என்று ரோம் பாரிஸில் இருந்த ஃபிராங்ளின் வழியாக அமெரிக்க காங்கிரசைக் கேட்டது. இது ஆன்மிக விஷயம், எங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று காங்கிரஸ் பதில் அனுப்பியது. ஐரோப்பாவில் ஆயர் நியமனத்தில் அரசர்கள் மூக்கை நுழைப்பது வழக்கமாக இருந்த காலம் அது. அந்தப் பதில் ரோமுக்குப் புதுமையாகத்தான் இருந்திருக்கும். 1784-இல் கரோல் மிஷன் தலைவராக நியமிக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு அவர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கைதான் அந்நாட்டுக் கத்தோலிக்கர்களின் முதல் கணக்கு. மேரிலாந்தில் சுமார் 15,800 பேர், பென்சில்வேனியாவில் 7,000 பேர், நியூயார்க்கில் 1,500 பேர். மேரிலாந்தில் 19 குருமார்கள், பென்சில்வேனியாவில் ஐவர். மேரிலாந்துக் கணக்கில் ஏறத்தாழ 3,000 பேர் அடிமைகள். ஐந்தில் ஒருவர். அறிக்கையில் அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிப் பேச அமெரிக்கத் திருச்சபைக்கு இரண்டு நூற்றாண்டு பிடித்தது.

கரோல் 1790 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இங்கிலாந்தில், லல்வொர்த் கோட்டையின் சிற்றாலயத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சொந்த நாட்டில் திருநிலைப்படுத்த இன்னொரு ஆயர் இல்லையே! திரும்பி வந்து 1791-இல் 22 குருமார்களுடன் முதல் மறைமாவட்டக் கூட்டத்தை நடத்தினார். அதே ஆண்டு பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பிவந்த சல்பீசியன் சபையினர் பால்டிமோரில் குருமடம் தொடங்கினார்கள். 1793-இல் ஸ்டீபன் படான் அமெரிக்க மண்ணிலேயே குருப்பட்டம் பெற்ற முதல் ஆள் ஆனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயராவதற்கு முன், 1787-இல் எழுதிய கடிதத்தில், மக்களுக்குப் புரியாத லத்தீனில் வழிபாடு நடப்பது பெரிய தடை என்று கரோல் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் வர வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயரான பிறகு அந்தப் பேச்சை அவர் மெல்ல விட்டுவிட்டார். தாய்மொழித் திருப்பலி உலகக் கத்தோலிக்கர்களுக்குக் கிடைத்தது 1960-களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான்.

நிர்வாகக் குழுவும் பாதிரியாரும்

விடுதலைக்குப் பிறகு கோயில் கட்டத் தடை இல்லை. ஆனால் சட்டம் கோயிலை எப்படிப் பார்த்தது என்பதில்தான் சிக்கல். எடுத்துக்காட்டாக, 1784-ஆம் ஆண்டின் நியூயார்க் சட்டம். ஒரு சமயக் கூட்டம் சொத்து வைத்திருக்க வேண்டுமானால், உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகளின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு இது பொருந்தி வந்தது. கத்தோலிக்க ஆயரை அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. நிலப் பத்திரம் நிர்வாகிகள் பெயரில், உட்காரும் பெஞ்சுக்கு வாடகை வசூலிப்பது நிர்வாகிகள், குருவுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்களே. சம்பளம் கொடுப்பவன் ஆளை மாற்ற முடியாதா என்ற கேள்வி வராமல் எப்படி இருக்கும்? ஆலய நிர்வாகத் தேர்தலை ஒரு தடவையாவது நேரில் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை பாதி விளங்கியிருக்கும்.

நியூயார்க்கில் பார்க்லே தெருவில் 1785-இல் அடிக்கல் நாட்டி, 1786 நவம்பரில் திறந்த செயின்ட் பீட்டர் ஆலயம்தான் அந்நகரின் முதல் கத்தோலிக்க ஆலயம். சுவர் காய்வதற்குள் சண்டை. முதல் பங்குக் குரு சார்ல்ஸ் வீலன் நல்ல மனிதர், பேச்சாளர் அல்லர். பின்னால் வந்த ஆண்ட்ரூ நியூஜென்ட் மேடையில் வெளுத்து வாங்குவார். நிர்வாகிகளில் ஒரு பிரிவினருக்கு நியூஜென்ட்தான் வேண்டும். பிடிக்காத குருவை அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். அப்படிப் போனால் திருச்சபையின் ஒற்றுமையே போய்விடும் என்று கரோல் கடிதம் எழுதினார். வீலன் ஊரை விட்டுப் போனார். பிறகு நியூஜென்ட் மீதே புகார்கள் வந்தன. கரோல் அவரை நீக்கியபோது அவர் பீடத்தை விட்டு இறங்க மறுத்தார். நீதிமன்றம் வரை போய்த்தான் ஆலயம் மீண்டும் கைக்கு வந்தது.

ஃபிலடெல்ஃபியாவில் பிரச்சினை மொழி வடிவத்தில் வந்தது. செயின்ட் மேரியில் ஐரிஷ்காரர்களும் ஆங்கிலமும்தான் மேலோங்கியிருந்தன. ஜெர்மானியர்கள் தனியாகப் பணம் திரட்டி, 1789-இல் ஹோலி டிரினிட்டி ஆலயத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ஓர் இனத்தவருக்காக, அவர்கள் மொழிக்காக எழுந்த முதல் கத்தோலிக்க ஆலயம் இது. பிள்ளைகள் ஜெர்மன் மறந்துவிடக் கூடாது, பாவசங்கீர்த்தனம் தெரிந்த மொழியில் செய்ய வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குருவையும் நாங்களே தேர்ந்தெடுப்போம், ஆயரின் அதிகாரம் எங்கள் மீது செல்லாது என்று அவர்கள் போனபோது அது பிளவானது. 1790-களின் பிற்பகுதியில் தொடங்கிய பிளவு 1802-இல்தான் ஓய்ந்தது.

நால்வர், அவர்களில் ஒருவர் வரவே இல்லை

1808-இல் பால்டிமோர் உயர்மறைமாவட்டம் ஆனது. கரோல் பேராயர். பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, கென்டக்கியில் உள்ள பார்ட்ஸ்டவுன் என நான்கு புதிய மறைமாவட்டங்கள் பிறந்தன.

நியூயார்க்குக்கு நியமிக்கப்பட்ட லூக் கன்கேனன் ரோமில் திருநிலைப்பட்டார். நெப்போலியன் போர்களால் அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. 1810-இல் நேப்பிள்ஸில் இறந்தார். தன் மறைமாவட்டத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த ஆயர் ஜான் கன்னலி வந்து சேர்ந்தது 1815-இல்.

ஆயர் இல்லாத அந்த இடைவெளியில்தான் நியூயார்க்கில் ஒரு முக்கிய வழக்கு நடந்தது. திருடிய பொருளை ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டு, குரு ஆண்டனி கோல்மன் மூலம் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். யார் கொடுத்தது என்று நீதிமன்றம் கேட்டது. சொல்ல மாட்டேன் என்றார் கோல்மன். 1813-இல் டிவிட் கிளின்டன் தலைமையிலான நீதிமன்றம், குருவைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 1828-இல் அது நியூயார்க்கின் எழுதப்பட்ட சட்டமாகவே ஆனது. கோல்மனின் பக்கம் நின்று வழக்கை நடத்தச் சொன்னவர்கள் செயின்ட் பீட்டர் ஆலய நிர்வாகிகள். நிர்வாகிகளை வெறும் சண்டைக்காரர்களாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பாஸ்டனுக்கு ஆயரான ஜான் ஷெவெரஸ் பிரெஞ்சுக்காரர், புரட்சிக்குத் தப்பி 1796-இல் வந்தவர். கத்தோலிக்கரை வெறுப்பதையே பழக்கமாக வைத்திருந்த ஊர் பாஸ்டன். அங்கே 1803-இல் ஹோலி கிராஸ் ஆலயம் எழுந்தபோது, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் புல்ஃபிஞ்ச் கூலி வாங்காமல் வரைபடம் கொடுத்தார். முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸ் உட்பட புராட்டஸ்டண்டுகள் நன்கொடை எழுதினார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஷெவெரஸை ஊருக்குப் பிடித்திருந்தது. மெய்ன் காட்டுப் பகுதியில் இருந்த பெனோப்ஸ்காட், பாசமக்வாடி பழங்குடி மக்களிடம் அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு போய் வந்தவர் அவர். 1823-இல் பிரான்ஸ் அவரைத் திரும்ப அழைத்தபோது, போக வேண்டாம் என்று 200-க்கும் மேற்பட்ட புராட்டஸ்டண்டுகள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். போகத்தான் வேண்டியிருந்தது. பின்னர் போர்தோ பேராயராகி, கர்தினாலாகி, 1836-இல் இறந்தார்.

பார்ட்ஸ்டவுனின் பெனடிக்ட் ஜோசப் ஃபிளாஜே பாடு வேறு. கென்டக்கி, டென்னசி முதல் பெரிய ஏரிகள் வரை பரந்த நிலம் அவர் பொறுப்பு. 1810 நவம்பரில் ஆயரானவரிடம் ஊர் போய்ச் சேரப் பயணச் செலவுக்குப் பணம் இல்லை. நண்பர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். ஒஹையோ ஆற்றில் தட்டைப் படகில் மிதந்து 1811 ஜூனில் போய்ச் சேர்ந்தார். மரக்கட்டை அடுக்கிய குடிசைதான் ஆயர் இல்லம். 1816-இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டி 1819-இல் திறந்தார். செங்கல்லை அங்கேயே சுட்டார்கள். முன்னால் நிற்கும் பெரிய தூண்கள் பார்வைக்குக் கல் போல இருக்கும். உள்ளே இருப்பது அந்தக் காட்டில் வெட்டிய முழு மரங்கள், மேலே பூச்சு. ஆயர் இருக்கை 1841-இல் லூயிவில் நகருக்கு மாறிவிட்டது. கோயில் இன்றும் நிற்கிறது.

கரோல் தன் பேராலயத்தை முழுதாகப் பார்க்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் பணியாற்றிய பெஞ்சமின் லட்ரோப் இலவசமாக இரண்டு வரைபடங்கள் கொடுத்தார். ஒன்று கோதிக் பாணி, மற்றொன்று பழைய ரோமானியச் சாயல். கரோல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இருண்ட ஐரோப்பியக் கோயில் வேண்டாம், வெளிச்சம் விழும் குவிமாடம் போதும் என்ற தேர்வு அது. 1806-இல் தொடங்கிய வேலை 1812-ஆம் ஆண்டுப் போரால் நின்றது. 1815 டிசம்பர் 3-ஆம் தேதி கரோல் இறந்தார். பேராலயம் திறந்தது 1821-இல். அவர் உடல் இப்போது அதன் நிலவறையில் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் கலவரம்

நால்வரில் மீதி ஒருவர் ஃபிலடெல்ஃபியாவின் மைக்கேல் ஈகன். செயின்ட் மேரி ஆலயம்தான் அவருடைய பேராலயம். நிர்வாகிகளுடன் சம்பளம், குருமார்கள் என்று ஓயாத சண்டை. நாலே ஆண்டில், 1814-இல், சோர்ந்துபோய் இறந்தார். அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்தப் பதவிக்கு யாரும் வந்து உட்காரவில்லை. வந்தவர் ஹென்றி கான்வெல், எழுபதைத் தாண்டிய வயது. வந்த வேகத்தில், மக்களுக்குப் பிடித்துப்போன வில்லியம் ஹோகன் என்ற இளம் குருவை 1820-இல் இடைநீக்கம் செய்தார். நிர்வாகிகள் ஹோகன் பக்கம். ஆயர் தன் பேராலயத்தை விட்டே வெளியேறிப் பக்கத்து செயின்ட் ஜோசப்புக்குப் போக வேண்டியதாயிற்று. 1822 ஏப்ரலில் நிர்வாகத் தேர்தல் நாளன்று இரு தரப்பும் கோயில் வாசலிலேயே மோதிக்கொண்டன. பலர் காயமடைந்தார்கள். 1826-இல் கான்வெல் இறங்கி வந்து நிர்வாகிகளோடு உடன்பாடு செய்தார். அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ரோம் அதைத் தள்ளுபடி செய்து அவரை அழைத்துக்கொண்டது. அடுத்துப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் கென்ரிக் 1831-இல் வேறு வழி எடுத்தார். செயின்ட் மேரியில் வழிபாட்டையே நிறுத்தினார். பெஞ்சு வாடகை நின்றதும் நிர்வாகிகள் பணிந்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் தெற்கே சார்ல்ஸ்டன் நகரில் ஜான் இங்லண்ட் என்ற ஐரிஷ் ஆயர் வேறு மாதிரி யோசித்தார். 1820-இல் வந்தவர், 1823-இல் மறைமாவட்டத்துக்கு எழுத்தில் ஓர் அரசியலமைப்பே கொடுத்தார். ஆண்டுதோறும் குருமார்களும் பொதுநிலையினரின் பிரதிநிதிகளும் கூடுவார்கள். வரவு செலவு அவர்கள் முன் வைக்கப்படும். கோட்பாட்டிலும் குரு நியமனத்திலும் மட்டும் அவர்கள் கை வைக்கக் கூடாது. மற்ற ஆயர்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவர் 1842-இல் இறந்ததும் அந்த ஏற்பாடும் மறைந்தது. சண்டை முடிய இருந்த நல்ல வழி இதுவாகத்தான் இருந்தது. யாரும் அதில் நடக்கவில்லை.

நாட்டின் முதல் கத்தோலிக்க வார இதழைத் தொடங்கியவரும் இங்லண்ட்தான், 1822-இல். 1835-இல் சுதந்திரமான கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். ஊர்க் கும்பலின் மிரட்டலால் மூடினார். அதே ஆயர், சில ஆண்டுகள் கழித்து, அடிமை முறையைத் திருச்சபை முழுதாகக் கண்டித்ததில்லை என்று நிறுவுவதற்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

272 பேர்

மேரிலாந்துத் தோட்டங்களின் வருமானத்தில்தான் குருமார்கள் வாழ்ந்தார்கள், பள்ளிகள் நடந்தன. ஆயர் கரோலிடமும் அடிமைகள் இருந்தார்கள். கரோலின் முயற்சியில் 1789-இல் நிறுவப்பட்ட ஜார்ஜ்டவுன் கல்லூரி 1830-களில் கடனில் மூழ்கியபோது, இயேசு சபையின் மேரிலாந்துத் தலைவர் தாமஸ் மல்லடி 1838-இல் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 272 பேரை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்றார். விலை 115,000 டாலர். கரோலைத் தேர்ந்தெடுத்த வைட் மார்ஷ் தோட்டத்து மக்களும் அதில் அடக்கம். ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதே குருமார்கள் கையால். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, வழிபாட்டுக்கு வசதி செய்ய வேண்டும் என்று ரோமில் இருந்த சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் போயின.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் 2017-இல் அவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டன. விற்பனைப் பட்டியலில் முதல் பெயராக இருந்த ஐசக் ஹாக்கின்ஸ் பெயர் அங்கே ஒரு கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது.

தோட்டக்காரர் தீர்த்த வழக்கு

கோயில் சொத்து வழக்குக்கு ஆயர்கள் பக்கத்து முடிவு 1829-இல் வந்தது. பால்டிமோரில் கூடிய முதல் மாநிலச் சங்கம், இனிக் கட்டும் ஆலயங்களின் பத்திரம் முடிந்தவரை ஆயர் பெயரில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. எழுதுவது சுலபம். நடைமுறைப்படுத்தியவர் ஜான் ஹியூஸ்.

ஐயர்லாந்தின் டைரோன் வட்டாரத்தில் 1797-இல் பிறந்த ஏழை விவசாயி மகன். மேரிலாந்தின் எமிட்ஸ்பர்க் குருமடத்தில் இடம் கேட்டுப் போனார். அதிபர் ஜான் டுபுவா முதலில் மறுத்துவிட்டார். அங்கேயே தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே லத்தீன் படித்து உள்ளே நுழைந்தவர் ஹியூஸ். காலம் சுழன்றது. டுபுவா நியூயார்க் ஆயராகித் தளர்ந்தபோது, 1838-இல் அவருக்குத் துணை ஆயராக வந்தவர் அதே தோட்டக்காரர்!

1839-இல், ஆயர் நியமித்த ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பேராலய நிர்வாகிகள் கான்ஸ்டபிளை வைத்து வெளியே அனுப்பினார்கள். ஹியூஸ் நிர்வாகிகளோடு வாதாடவில்லை. நேரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மக்களிடம் பேசினார். ஐயர்லாந்தில் உங்கள் குருமார்களை விரட்டியது யார், இங்கே நீங்களே அதைச் செய்வதா என்ற தொனியில் கேட்டார். ஐரிஷ் மக்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். நிர்வாகிகளின் பலம் அதோடு உடைந்தது.

வெளியே இருந்த பகையும் அவருக்குத் துணை செய்தது என்றே சொல்லலாம். 1834-இல் பாஸ்டன் அருகே சார்ல்ஸ்டவுனில் கன்னியர் மடத்தைக் கும்பல் எரித்தது. 1844-இல் ஃபிலடெல்ஃபியாவில் செயின்ட் மைக்கேல், செயின்ட் அகஸ்டின் ஆலயங்கள் எரிந்தன. நியூயார்க்கில் ஹியூஸ் ஆலயங்களைச் சுற்றி ஆயுதத்தோடு ஆட்களை நிறுத்தினார். அங்கே ஒன்றும் எரியவில்லை. கோயிலைக் கொளுத்த ஆள் வரும் காலத்தில், கணக்கு வழக்குக்காக ஆயரோடு மோத யாருக்கு மனம் வரும்?

சட்டம் ஆயர்களுக்கு இறங்கி வந்தது 1863-இல். நியூயார்க்கின் புதிய சட்டப்படி ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கின் சொத்தும் ஐவர் குழுவின் பொறுப்பு: ஆயர், அவருடைய முதன்மைக் குரு, பங்குக் குரு, பங்கு மக்களில் இருவர். அந்த இருவரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்லர், மற்ற மூவர்.

பெஞ்சில் இடம் கிடைக்காதவர்

நியூயார்க் நிர்வாகிகளின் ஆட்சி உச்சத்தில் இருந்த நாள்களில் செயின்ட் பீட்டர் ஆலயத்துக்குத் தினமும் காலைத் திருப்பலிக்கு நடந்து வந்தவர் பியர் டூசான். ஹைத்தியில் அடிமையாகப் பிறந்து, 1787-இல் எஜமானர் குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். சிகை அலங்காரம் அவர் தொழில். பணக்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சம்பாதித்த பணத்தில், நொடித்துப்போன தன் எஜமானியையே காப்பாற்றினார். 1807-இல் அவர் கையால் விடுதலை பெற்றார். தங்கையையும் மனைவியாக வரவிருந்தவரையும் விலை கொடுத்து மீட்டார். அநாதைப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்தார், ஆலயத்துக்கு நிதி திரட்டினார். ஆனால் மாட் தெருவில் இருந்த பழைய செயின்ட் பேட்ரிக் பேராலயத்துக்கு ஒருமுறை போனபோது, தோல் நிறத்தைப் பார்த்து வாசலில் நின்றவர் உட்கார இடம் மறுத்தார். நிர்வாகிகள் தரப்பிலிருந்து பிறகு மன்னிப்புக் கடிதம் வந்தது.

1853-இல் இறந்த டூசான் அந்தப் பழைய பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹியூஸ் 1858-இல் அடிக்கல் நாட்டி, அவர் இறந்த பிறகு 1879-இல் திறக்கப்பட்ட இன்றைய செயின்ட் பேட்ரிக் பேராலயம் ஐந்தாவது அவெனியூவில் இருக்கிறது. அதன் பீடத்தின் கீழ் உள்ள நிலவறை நியூயார்க் ஆயர்களுக்கு உரியது. ஹியூஸும் அங்கேதான் இருக்கிறார். 1990-இல் டூசானின் உடல் அங்கே மாற்றப்பட்டது. அந்த நிலவறையில் இடம் பெற்ற முதல் பொதுநிலையினர் அவர்.